ஃபைனல் எக்ஸிட் வாரம்: கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு முழு வழிகாட்டி

வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பப் போகிறவர் கடைசி வாரத்தில் முதலில் எங்கே போகிறார்? கடைக்குத்தான். பால் பவுடர், கோடாலித் தைலம், சென்ட், போர்வை, பிள்ளைகளுக்கு மிட்டாய். ரூமில் பாதி இடத்தை அட்டைப்பெட்டி அடைத்துக்கொண்ட பிறகுதான் செட்டில்மென்ட், அதாவது கம்பெனி தர வேண்டிய கடைசிக் கணக்குப் பணம், எவ்வளவு வரும் என்ற பேச்சே எழும். அதற்குள் கம்பெனியின் மந்தூப், அதாவது விசா வேலைகளைப் பார்க்கும் ஆள், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விசா கேன்சலுக்குப் போயிருப்பார்.

இந்த வரிசையை மாற்றச் சொல்வதுதான் இந்த வழிகாட்டியின் மொத்த வேலையும். விசா ரத்தானதும் அடையாள அட்டை செல்லாது. அதைக் கொண்டு திறந்த வங்கிக் கணக்கு, வாங்கிய சிம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பின்னாலேயே ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆகவே முதலில் கணக்கு, அப்புறம் காகிதம், அப்புறம் கொடுக்கல் வாங்கல், எல்லாம் முடிந்த பிறகு கேன்சல். பெட்டி கட்டுவது கடைசி வேலை.

சாயல்குடி, மூக்கையூரிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி வரை நம் கடற்கரையில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் கிடையாது. கடையில் நிற்பவர், டிரைவர், கேம்ப்பில் தங்கி கட்டட வேலை பார்ப்பவர், பஹ்ரைனிலும் சவுதி கிழக்குக் கரையிலும் மீன்பிடிப் படகில் போகிறவர் என எல்லாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சட்டக் கணக்கு வரும் இடத்தில் அமீரகத்தையும் சவுதியையும் அதிகம் சொல்கிறேன், நம் ஆட்கள் அங்கேதான் அதிகம்.

## ஏழு நாள் இருக்கும்போது: செட்டில்மென்ட் கணக்கை நீங்களே போடுங்கள்

கம்பெனி தரும் தாளைப் பார்த்துத் தலையாட்டும் முன், ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கணக்கை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று விஷயம் போதும்: வேலையில் சேர்ந்த தேதி, ஒப்பந்தத்தில் உள்ள அடிப்படைச் சம்பளம், எடுக்காமல் மிச்சமிருக்கும் லீவு நாள்.

அமீரகத்தில் ஓராண்டு முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்துபோவதாக நினைத்துக்கொள்கிறார்கள். கைக்கு 1,800 திர்ஹம் வரும், ஆனால் ஒப்பந்தத்தில் அடிப்படை 1,000 என்றுதான் இருக்கும். மீதி அலவன்ஸ். பணிக்கொடை அந்த 1,000-க்குத்தான். ஒரு நாளுக்கு 33 திர்ஹம் 33 பில்ஸ். அதை 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 700. நான்கு ஆண்டு வேலை பார்த்தவருக்கு 2,800, ஏழு ஆண்டு பார்த்தவருக்கு ஐந்து 700-ம் இரண்டு 1,000-மாகச் சேர்த்து 5,500. நடுவில் சம்பளமில்லாத லீவில் ஊரில் இருந்த நாட்கள் சேவைக் காலத்தில் சேராது, அதையும் கழித்துவிடுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, நீங்களே வேலையை விட்டாலும் பணிக்கொடை குறையாது. பழைய காலத்து ஆட்கள் ‘ரிசைன் பண்ணினா பாதிதான்’ என்று சொல்வதை அமீரகத்தில் இப்போது நம்ப வேண்டாம்.

சவுதிக் கணக்கு வேறு. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். 1,500 ரியால் வாங்கியவர் நான்கு ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து போனால் 3,000 ரியால். ஆனால் சவுதியில் தானாக ராஜினாமா செய்தால் வெட்டு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஒன்றுமில்லை, இரண்டிலிருந்து ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்துக்கு மேல் பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்துக்கு மேல் முழுசாக. அதே ஆள் நான்கு ஆண்டில் ராஜினாமா கடிதம் கொடுத்தால் 1,000 ரியால்தான் கிடைக்கும். ஆகவே ஒப்பந்தம் முடியப் போகும் சமயத்தில் மேனேஜர் ‘சும்மா ஒரு ரிசைன் லெட்டர் கொடுத்துடு, வேலை சீக்கிரம் முடியும்’ என்றால், அந்த ‘சும்மா’வின் விலை 2,000 ரியால் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்து ஆண்டுக்கு 15 நாள் வீதம், பிறகு ஒரு மாதம் வீதம். கத்தாரில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம். பஹ்ரைனில் 2024 மார்ச்சிலிருந்து முறையே மாறிவிட்டது. பணிக்கொடைக்கான தொகையை முதலாளி மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்டுகிறார், வேலை முடிந்ததும் நீங்கள் அங்கிருந்து வாங்க வேண்டும். அதற்கு முன் நின்ற ஆண்டுகளுக்கான பங்கை முதலாளியிடம் கேட்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

இதோடு மிச்ச லீவுக்கான பணம், கடைசி மாதச் சம்பளம், ஓவர்டைம் பாக்கி, டிக்கெட். அமீரகத்திலும் சவுதியிலும் ஒப்பந்தம் முறையாக முடிந்து ஊர் திரும்புகிறவரின் டிக்கெட் முதலாளி பொறுப்பு. அமீரகத்தில் எல்லாப் பாக்கியையும் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சவுதியில் ஒரு வாரத்துக்குள், தொழிலாளியே வேலையை முடித்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள்.

மீன்பிடிப் படகுக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு சின்னச் சம்பளம் எழுதியிருக்கும், உண்மை வருமானம் பாட்டுக்குப் பாடு, அதாவது ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வரும்போதும், கிடைக்கும் பங்கு. காகிதத்தில் இல்லாத பங்கைக் கடைசி நாளில் கேட்டால் முதலாளிக்கு மறதி வந்துவிடும். எந்தப் பாட்டில் எவ்வளவு மீன், பங்கு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்ற குறிப்புநோட்டை எடுத்து, நாகுதாவிடம் (படகுத் தலைவரிடம்) உட்கார்ந்து பேசி, பாக்கியை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அவர் ‘சரி’ என்று பதில் போட்டாலும் போதும். அந்தச் செய்தியைப் படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

கையெழுத்து. பெரும்பாலும் அரபியில் ஒரு தாள் வரும். ‘எனக்குச் சேர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்பதுதான் அதன் சாரம். பணம் கணக்கில் ஏறும் முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஏர்போர்ட்டில் கேஷாகக் கொடுப்போம்’ என்றால், வங்கியிலேயே போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டதை எழுத்தில் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் அரபி படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். நம் பக்கம் ஓதிப் படித்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள், ஆனால் பொருள் சொல்ல அங்கே பல ஆண்டு இருந்த ஆள் வேண்டும்.

## ஆறு, ஐந்து நாள் இருக்கும்போது: வங்கியும் சிம்மும்

கடன், கிரெடிட் கார்டு, மாதத் தவணையில் வாங்கிய போன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். செட்டில்மென்ட் பணம் உள்ளே வந்ததும் கடன் பாக்கி உள்ள கணக்கை வங்கி முடக்கி வைப்பது வழக்கமான நடைமுறை. எல்லாம் கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியின் முத்திரையோடு வாங்குங்கள். கார்டை வெட்டிப் போட்டதால் கார்டு முடிந்துவிடாது. ஆண்டுக் கட்டணம் ஏறி, வட்டி ஏறி, பின்னால் வேறு கம்பெனி விசாவில் போகும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. எப்போதோ ஜாமீனாகக் கொடுத்த காசோலை இருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

கணக்கை எப்போது மூடுவது? கடைசிப் பணம் வந்து, அதை ஊருக்கு அனுப்பிய பிறகு. சிம்மை எப்போது மூடுவது? கணக்கை மூடிய பிறகு. சிம்மை முதலில் முடித்துவிட்டு, ஓடிபி வராமல் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நிற்பது கடைசி வாரத்தில் அடிக்கடி நடக்கிறது. கம்பெனி பணத்தைப் பிறகுதான் போடும் என்றால் கணக்கைத் திறந்தே வைத்து, அந்த எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பில்லை முழுசாகக் கட்டி முடித்த ரசீது அவசியம்.

ஊருக்கு அனுப்பும் பணத்தை வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ உங்கள் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்குக்கே அனுப்புங்கள். உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியில், ரேட் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். தெரியாதது இதுதான்: ஆறு மாதம் கழித்து ராமநாதபுரத்திலோ தேவிபட்டினத்திலோ மனை வாங்கும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உண்டியலில் ரசீது கிடையாது. என்ஆர்இ கணக்கின் ஸ்டேட்மென்ட் தனக்குத் தானே பதில் சொல்லும்.

எக்ஸ்சேஞ்சில் அடையாள அட்டை கேட்பார்கள். கேன்சல் ஆன அட்டைக்கு முகம் சுளிப்பார்கள். அனுப்ப வேண்டியதைக் கேன்சலுக்கு முன்பே அனுப்பிவிடச் சொல்வது இதனால்தான்.

ஊர் எண்ணையும் இப்போதே பாருங்கள். 90 நாள் உபயோகமே இல்லாவிட்டால் எண் போய்விடலாம். போன எண் வேறு ஆளுக்குப் போய், உங்கள் ஆதார் ஓடிபி அவர் போனில் விழுந்துகொண்டிருக்கும். வீட்டில் ஒருவரிடம் சொல்லி அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று ரீசார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது, ஊர் சிம் கைக்கு வந்ததும் அதைச் செய்தால் பழைய குழுக்களும் பேச்சுகளும் அப்படியே வந்துவிடும்.

## நான்கு நாள் இருக்கும்போது: காகிதம்

அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலாவது அனுபவச் சான்றிதழ். அமீரகத்திலும் சவுதியிலும் தொழிலாளி கேட்டால் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், பார்த்த வேலையின் உண்மைப் பெயர் வேண்டும். விசாவில் ‘லேபர்’ என்று இருக்கும், ஆனால் நீங்கள் ஏசி மெக்கானிக்காக உழைத்திருப்பீர்கள். சான்றிதழில் மெக்கானிக் என்று எழுதித் தர மேனேஜரைக் கேளுங்கள். அடுத்த வேலைக்கு, உள்ளூரோ சிங்கப்பூரோ, அந்த ஒரு சொல்தான் சம்பளத்தை முடிவு செய்யும்.

அப்புறம் ஒப்பந்த நகல், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், செட்டில்மென்ட் தாளின் நகல். படிப்புச் சான்றிதழின் அசல் கம்பெனி கோப்பில் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். அங்கே வாங்கிய டிரைவிங் லைசென்ஸைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், வேறு நாட்டுக்குப் போகும்போது அனுபவத்துக்குச் சான்றாக நிற்கும். அரசுச் செயலிகளில் உள்ள ஆவணங்களை எல்லாம் பிடிஎஃப்பாக இறக்கி, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒன்று, வீட்டில் ஒருவருக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள். விசா முடிந்த பிறகு அந்தச் செயலிகள் திறக்காது.

போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா, உங்கள் மேல் வழக்கோ பயணத் தடையோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துபாயில் போலீஸ் செயலியிலேயே பார்க்கலாம். சவுதியில் அப்ஷர் என்ற அரசுச் செயலியில் இகாமா (குடியிருப்பு அட்டை) நிலையைப் பாருங்கள். கம்பெனி ‘ஹுரூப்’, அதாவது வேலைக்கு வராமல் ஓடிப்போனவர் என்று, பதிந்து வைத்திருந்தால் விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

உடம்பு விஷயமும் இதே நாளில். பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் காப்பீடு செல்லுபடியாகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தினம் மாத்திரை போடுபவர் அதன் மருந்துப் பெயரை, கம்பெனிப் பெயரை அல்ல, மருந்துச் சீட்டோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே பெட்டி நம்மூர்க் கடையில் இருக்காது, அதே மருந்து இருக்கும்.

## மூன்று நாள் இருக்கும்போது: ரூம் கணக்கு

மெஸ் பாக்கி, ரூம் சீட்டு, கைமாற்று. சீட்டு நடுவில் இருந்தால் உங்கள் இடத்தில் யார் தொடர்வார், எடுத்த சீட்டுக்கு மீதித் தவணையை யார் கட்டுவார் என்பதை எல்லார் முன்னிலையிலும் பேசி முடியுங்கள். பெட் ஸ்பேஸ் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டியிருந்தால் உங்கள் இடத்துக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவரிடமே வாங்கிக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

கொடுத்த கடன் வரவில்லையா? கடைசி வாரத்தில் உங்களுக்குத் தர வேண்டியவரின் போன் அடிக்காது, நீங்கள் தர வேண்டியவர் மட்டும் நேரில் வந்து நலம் விசாரிப்பார். சின்னத் தொகை என்றால் விட்டுவிடலாம், நாளைக்கு ஒரே ஜமாஅத்திலோ ஒரே சர்ச் பங்கிலோ முகம் பார்க்க வேண்டிய ஆட்கள். பெரிய தொகை என்றால் ஊரில் உள்ள பெரியவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஊர் வந்து ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

## இரண்டு நாள் இருக்கும்போது: கேன்சல்

மேலே சொன்னதெல்லாம் ஓரளவு முடிந்திருந்தால் இப்போது கேன்சல் தாளில் கையெழுத்துப் போடலாம். அமீரகத்தில் ரத்துத் தாளில் எத்தனை நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று இருக்கும், அந்தத் தேதியைப் போனில் படம்பிடித்து வையுங்கள். சவுதியில் ஃபைனல் எக்ஸிட் அடித்ததிலிருந்து 60 நாளுக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அபராதம். ஆகவே எக்ஸிட் அடித்தவுடன் டிக்கெட்டைப் பாருங்கள்.

எக்ஸிட்டா (ஒரேயடியாகப் போவது), எக்ஸிட்-ரீஎன்ட்ரியா (லீவில் போய்த் திரும்பி வருவது) என்பதைத் தாளில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். லீவு விசாவில் ஊருக்கு வந்து திரும்பாமல் இருந்துவிட்டால், பின்னால் வேறு முதலாளியிடம் சவுதி போவது 2024 தொடக்கம் வரை சிக்கலாக இருந்தது.

பாஸ்போர்ட் இனி உங்கள் கையில். அதில் முத்திரை விழுந்த பக்கங்களை நகலெடுங்கள்.

கம்பெனி பாக்கியைக் கொடுக்காமலேயே கிளம்ப வேண்டிய நிலை என்றால், போகும் முன் அந்த நாட்டின் தொழிலாளர் துறையில் புகாரைப் பதிந்துவிடுங்கள். அங்கே தொடர்ந்து இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுங்கள். அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்காக பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இருக்கிறது. 800 46342 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

## கடைசி இரண்டு நாள்: இப்போது பெட்டி

சரி, இனி கடைக்குப் போகலாம்.

டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். 30 கிலோ என்றால் உங்கள் சொந்த உடுப்பும் வீட்டுச் சாமானும் 20 கிலோ. மிச்சம் ரூம்காரர்களின் பார்சலுக்கு. ஊருக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுப்பது நம் பக்கத்து உரிமை. காக்கா, மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள், மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆளுக்கு ஒரு கிலோ என்று. ஒரு நோட்டில் யார் கொடுத்தது, என்ன சாமான், எந்தத் தெருவில் எந்த வீடு என்று எழுதுங்கள்.

பிரிக்காத பார்சலை வாங்காதீர்கள். இதில் மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம். கொடுப்பவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். ‘குருவி’ என்ற சொல் நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். கூலிக்குத் தங்கம் சுமந்து போகிறவர் மட்டும் குருவியாவதில்லை. விஷயம் தெரியாமல் யாரோ கொடுத்த மிக்ஸியையோ எமர்ஜென்சி லைட்டையோ கொண்டுபோனவரும் சுங்க அதிகாரி கண்ணுக்குக் குருவிதான். மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாத மின்சாதனத்தை அடுத்தவருக்காக எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். விமான நிலைய வாசலில் புதிதாக அறிமுகமாகி ‘நானும் ராம்நாடுதான் பாய்’ என்று ஒரு பை நீட்டுபவரிடம் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

தங்கம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய நகை ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். நகை என்றால் நகைதான், பிஸ்கட்டும் காசும் இந்தச் சலுகையில் வராது. பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரியைக் கட்டுங்கள். பொதுச் சாமான்களுக்கான வரியில்லா வரம்பு அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் வாரம் சுங்கத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்து ஒரேயடியாகத் திரும்புகிறவருக்கு வீட்டுச் சாமானுக்குத் தனிச் சலுகையும் உண்டு. தட்டை டிவி சாதாரண வரம்பில் சேராது, வரி கட்ட வேண்டும். கட்டி, உடையாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தால் ராமநாதபுரம் கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்றுதான் தோன்றும்.

கையில் கொண்டுவரும் நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் இந்தியாவில் இறங்கியதும் அறிவிக்க வேண்டும். அமீரகத்தை விட்டுக் கிளம்பும்போது 60,000 திர்ஹம், சவுதியை விட்டுக் கிளம்பும்போது 60,000 ரியாலுக்கு மேல் இருந்தால் அங்கேயும் அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கொண்டுவரலாம்.

கொண்டுவரக் கூடாதவை: மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. ட்ரோன் வேண்டாம். மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர்கள் குறிப்பாகக் கேளுங்கள்: வளைகுடாக் கடலில் சாதாரணமாகக் கையில் வைத்திருக்கும் துரையா போன்ற சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். இலங்கை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நம் கரையில் அது வெறும் அபராதத்தோடு முடியாது. விலை போனாலும் அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

பெட்டி கட்டும் முறைக்கு வருவோம். கனமானது அடியில், பால் பவுடர் டப்பாவும் பேரீச்சம்பழமும். தைலம், சென்ட், ஷாம்பு எல்லாம் ஒவ்வொன்றும் மூடியில் டேப் சுற்றி, பாலித்தீன் பைக்குள் போட்டு, போர்வைக்கு நடுவில். பவர்பேங்கும் தனி பேட்டரியும் கைப்பையில்தான், பெட்டிக்குள் வைத்தால் விமான நிலையத்தில் பிரித்து எடுத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று. கயிறு கட்டினால் முடிச்சு மேலே வரட்டும், தூக்குபவர் விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். எல்லா ஊர்ப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும், பெயர், ஊர், போன் எண்ணை மூன்று பக்கத்தில் மார்க்கரில் எழுதுங்கள். தமிழில் பெரிசாக எழுதினால் பெல்ட்டில் வரும்போது தூரத்திலிருந்தே தெரியும். ரூமிலேயே தராசில் நிறுத்துவிடுங்கள். கவுன்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, எந்தப் பிள்ளையின் பொம்மையை விட்டுவிடுவது என்று யோசிக்கும் நிலை வேண்டாம்.

பாஸ்போர்ட், எக்ஸிட் தாள், சான்றிதழ்கள், நகை, நகை பில், மருந்து, சார்ஜர் இவை எந்நேரமும் உடம்போடு இருக்கும் பையில்.

## வரும் வழி

தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கத்தவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் வசதி. வளைகுடா விமானங்களும் அங்கே அதிகம். ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கத்தவர்களுக்கு மதுரை பக்கம், பரமக்குடி வழியாக நேரே வந்துவிடலாம். ஆனால் மதுரைக்கு வளைகுடா விமானங்கள் குறைவு, தேதிக்குத் தோதாகக் கிடைத்தால் யோகம். சென்னையில் இறங்குகிறவர் ரயிலைப் பிடிக்கலாம். 2022 கடைசியில் பழைய பாம்பன் பாலம் மூடியபோது ரயில் மண்டபத்தோடு நின்றது. அப்போது ஊரை விட்டுப் போனவர்களுக்குச் செய்தி: 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது.

அழைக்க வருபவர்கள் பற்றி ஒன்று. ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தால் பெட்டி எங்கே ஏறும்? இரண்டு பேர் போதும் என்று முன்பே சொல்லுங்கள், கோபித்துக்கொள்பவர் வீட்டுக்கு மறுநாள் முதலில் போய்விடலாம். நள்ளிரவில் இறங்கினால், பகலெல்லாம் ஓட்டிவிட்டு வந்த டிரைவரை உடனே கிளப்பாதீர்கள். ஒரு டீ, ஒரு மணி நேரத் தூக்கம், அப்புறம் வண்டி.

## ஊர் வந்த முதல் வாரம்

பார்சலைக் கொடுத்து முடியுங்கள். அதுவரை யாரும் உங்களைத் தூங்க விடமாட்டார்கள்.

வங்கிக்குப் போய், நிரந்தரமாகத் திரும்பிவிட்டதாகச் சொல்லி என்ஆர்இ கணக்கையும், இந்திய வருமானத்துக்காக வைத்திருந்த என்ஆர்ஓ கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டு நாணய) வைப்பு இருந்தால் முதிர்வுவரை தொடரலாம். வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்புகிறவருக்கு ஆர்எஃப்சி கணக்கு உண்டு. திரும்பிய நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பீர்கள் என்றால் வருமான வரிக் கணக்கில் உங்கள் நிலை மாறும். தொகை பெரியது என்றால் ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். ஆதாரில் போன் எண், வாக்காளர் பட்டியலில் பெயர் இரண்டையும் பாருங்கள்.

மீன்பிடித் தொழிலுக்கே திரும்புகிறவர் நாள்காட்டியைப் பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தச் சமயம் வந்து இறங்கினால் வடகடலிலும் (பாக் நீரிணைப் பக்கம்) விசைப்படகு வேலை கிடையாது, தென்கடலிலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கிடையாது, நாட்டுப்படகுதான். அந்த மாதங்களில் படகு விலைக்கு வருகிறது என்று நாலு பேர் தேடி வருவார்கள். சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஆகும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் கடலில் ஓடுவதைப் பார்க்காமல், கரையில் கிடக்கும் படகுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கம்பெனி பாக்கி இன்னும் வரவில்லையா? வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கும் மனு அனுப்பலாம். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, செட்டில்மென்ட் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் நகலாக இணையுங்கள். ஆற அமரச் செய்யலாம் என்று விடாதீர்கள், கெடு இருக்கிறது: வேலை முடிந்த நாளிலிருந்து சவுதியில் 12 மாதம், அமீரகத்தில் இரண்டு ஆண்டு.